மாப்பிள்ளை ஓ.எஸ். ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளையின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. சந்தன நிறச் சட்டை. கழுத்துப் பட்டையில் வேர்வை. அந்த முதுகுக்கு இடது பக்கமாகக் கணினித் திரை முக்கால்வாசி தெரிந்தது. நீல நிறம், நடுவில் வெள்ளைக் கட்டம், கட்டத்துக்குள் இரண்டு வரி.

நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால், துணித் திரையை இரண்டு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலை பத்து, பத்தரை மணி இருக்கும். அடுப்பில் இஞ்சி பூண்டு வதங்கிக்கொண்டிருந்தது. மகள் செல்வி கறி வாங்கப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அந்த இரண்டு வரியில் இரண்டாவதை அழித்துவிடக் கூடாது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். நாலைந்து வார்த்தை போதும்.

நான் சொல்லவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில், மலையில் எங்கள் முதல் மழைக்காலத்தைப் பற்றி எழுதி நிறுத்தினேன். இந்த வாரம் அதன் மிச்சத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போகிறது. இதை இறக்கி வைத்துவிட்டு அப்புறம் மலைக்குப் போகிறேன்.

ஸ்டோரில் வெந்த பெட்டி

என் வீட்டுக்காரர் மலையில் ஏலத்தோட்டத்து ரைட்டர். ஆள் கணக்கு, காய் எடை, சம்பளச் சீட்டு எல்லாம் அவர் கையில். தோட்டத்துக்கு முதல் கணினி ஜீப்பில் வந்து இறங்கியபோது, அதைத் தொடத் துணிந்த ஒரே ஆளும் அவர்தான்.

அது ஆடி மாதம். மலையில் ஆடி மாதம் என்றால் சுவரைத் தொட்டால் கை நனையும். பத்து நாளில் பெட்டி நின்றுபோனது. ஈரம்தான் காரணம் என்று அவருக்குத் தெரிந்தது. ஈரத்தை எடுக்க மலையில் எங்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. பச்சை ஏலக்காயைச் சூடு போட்டுக் காய வைக்கிற ஸ்டோர்.

பெட்டியைத் தூக்கிப் போய், பச்சைக் காய் பரப்பிய தட்டுகளுக்கு நடுவில் ஒரு தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். ஒரு நாள் முழுக்கச் சூடு போனது. மறுநாள் காலையில் காய் நல்ல பச்சை நிறத்தில் காய்ந்து வந்தது. பெட்டி நனைந்து வந்தது. காய்க்குள் இருந்த தண்ணீர் எல்லாம் ஆவியாகிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

கீழேயிருந்து வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றிவிட்டு மோந்து பார்த்தார்.

"என்னண்ணே, பாயாசத்துல போட்டு எடுத்தீங்களா?"

கூடி நின்ற ஆள்கள் எல்லாம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஏறிய ரோஷம் அவருக்கு இறங்கவே இல்லை. அதன் பிறகு கணினியைப் பற்றி ஒரு விஷயம் விடாமல் கற்றுக்கொண்டார். போடிக்கு இறங்கி வந்த பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினார். அதை வேறு ஒரு கை தொட விடமாட்டார். நான் தூசி தட்டினால்கூட, "ஏய், தள்ளி நில்லு" என்பார்.

என்னை அவர் ஏய் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் என் பெயர்.

இடது கை

பிறகு அவருக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. வாய் கோணி, உள்ளேயிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல் அவரே வாயை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் நாற்காலியைக் கணினிப் பக்கம் தள்ளச் சொல்லிக் கை காட்டினார். இடது கையின் ஒரு விரலால் தட்டினார். இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழில் வரும். கால் மணி நேரம் தட்டி ஒரு வரி எழுதினார். நான் அஞ்சாவதுதான் படித்தவள். ஆனாலும் தமிழ் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன்.

'கஞ்சியில் உப்பு இல்லை.'

இரண்டு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு உப்பை எடுத்து வந்தேன்.

அதற்கப்புறம் தினமும் எழுதுவார். எல்லாம் ஒரே ஏட்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒன்றையும் அழிக்க மாட்டார். 'ஃபேனைக் குறை.' 'பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான்.' 'இந்தச் சேலை உனக்கு எடுப்பாக இல்லை.' நான் வாயால் பதில் சொல்வேன். அவர் வாய் இருந்த காலத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத் தட்டினார்.

'அங்கம்மா, மலைக்கு வந்த புதிதில் உன் காலில் அட்டை கடித்து நீ அழுதாய். நான் ஆள்கள் முன்னால் சிரித்தேன். அது தப்பு.'

அங்கம்மா என்பது என் பெயர். அவர் அதை எழுதி அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போய்த் துணி துவைத்தேன்.

பிறகு என் கண் கெட்டது. இரண்டு கண்ணிலும் புரை. எழுத்தை எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார். எனக்கு வெள்ளைக்குள் சாம்பல் கலந்த மாதிரிதான் இருந்தது. அவர் காட்டுவதை விட்டுவிட்டார். ஆனால் எழுதுவதை விடவில்லை. காலையில் வெயில் ஏறும் வரை தட்டிக்கொண்டே இருப்பார்.

"என்னத்த அப்படி எழுதுறீக?" என்று கேட்டால், இடது கையால் என் கண்ணைக் காட்டுவார். பிறகு திரையைக் காட்டுவார். கண் சரியானதும் படி என்று அதற்கு அர்த்தம்.

செல்வியைப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். புருஷன் எனக்கு எழுதினதை மகளை விட்டு எப்படிப் படிக்கச் சொல்வது? எனக்கு அது முடியாது.

இரண்டு மாதம் அப்படி எழுதினார். ஒரு பனிக்காலத்துக் காலையில் நாற்காலியிலேயே போய்விட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். தட்டுகிற சத்தம் நின்றதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளங்கையால் மறைத்தது

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இது தெரிந்தால்தான் அந்த ஞாயிறு புரியும்.

அவர் இருக்கும்போதே ஒரு தடவை கணினி படுத்துவிட்டது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஓ.எஸ். கெட்டுப்போனது. ஓ.எஸ். என்பது பெட்டியை எழுப்பி உட்கார வைக்கிற சமாச்சாரம் என்று அவர் முன்பு சொல்லியிருக்கிறார். அது போனால் மற்றதெல்லாம் உள்ளே இருந்தும் வெளியே வராது. நாலு நாள் அவருக்குப் பேச்சில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடவா என்றேன். தலையை ஆட்டினார். வேண்டாம். உள்ளே எங்கள் பேச்சு இருக்கிறதே.

அவர் விரல் காட்ட, நான்தான் செய்தேன். அப்போது கண்ணில் இவ்வளவு புரை இல்லை. பெட்டியைத் திறந்து, சீப்பு மாதிரி இருக்கிற ராம் என்னும் பட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பல்லை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஓ.எஸ். வைத்திருந்த பென்டிரைவைச் செருகினேன். பொத்தானை அமுக்கியதும் மேல் வரிசையில் ஒரு கட்டையை விடாமல் தட்டச் சொல்லிக் கை காட்டினார். ஒரு பட்டியல் வந்தது. பென்டிரைவின் பெயர் அதில் இரண்டு தடவை இருந்தது. ஒன்றில் பெயருக்கு முன்னால் நாலு இங்கிலீஷ் எழுத்து கூடுதல். இன்னொன்றில் அது இல்லை.

மேலே இருந்ததால் நான் நாலெழுத்து உள்ளதை அமுக்கினேன். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் இரண்டு வரி உள்ள கட்டம் வந்தது. எல்லாம் பதிந்திருக்கிற டிஸ்க் என்னும் தட்டின் இரண்டு பாகம் அது. அடியில் ஒரு மஞ்சள் முக்கோணம். அதைத் தொட்டால் ஒரு நீள வாக்கியம். இந்தத் தட்டில் ஏற்ற முடியாது என்று அதற்கு அர்த்தமாம். நடுவில் எம், பி, ஆர் என்று மூன்றெழுத்து. கோடவுனில் காய் பொறுக்கிய காலத்தில் மூட்டையில் பார்த்துப் பார்த்து எனக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்து தெரியும்.

நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பின்னால் போ என்று கை காட்டினார். மறுபடி அணைத்து, மறுபடி தட்டி, அதே பட்டியல். இந்தத் தடவை நாலெழுத்து இல்லாத வரி. அவ்வளவுதான். மஞ்சள் முக்கோணம் வரவில்லை. பழைய தட்டுக்குப் பழைய வழியில் போக வேண்டும் என்று பெட்டி எழுந்த பிறகு எழுதிக் காட்டினார். அழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு வரி கட்டம் வந்தபோது அவர் தன் இடது உள்ளங்கையைத் திரையில் வைத்து இரண்டாவது வரியை மறைத்துக்கொண்டார். நான் முதல் வரியை அமுக்கி, ஓ.எஸ். முழுக்க ஏறி முடிகிற கட்டம் வரும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அங்கேதான் அவர் எழுத்தெல்லாம் இருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையும் நானும்

மாப்பிள்ளை கம்பத்தில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் பில் போடுகிறவர். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். செல்விக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் அவரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தேவாரம் ஊர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில் அதுதான் வழக்கம். மாமியார் மருமகன் முன்னால் வர மாட்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள். மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வாள். மாப்பிள்ளை காதில் விழும். இப்போது யாரும் அப்படி இல்லை. எங்கள் தெருவிலேயே மாமியாரும் மருமகனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார்கள். செல்வி என்னைத் திட்டுவாள்.

"அவரு என்ன கடிச்சா வெப்பாரு? ஒரு வார்த்த, வாங்க மாப்ளன்னு சொன்னா வாய் தேஞ்சிருமா?"

வழக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். வழக்கம் பாதி, என் கூச்சம் பாதி. கூச்சத்துக்கு வழக்கம் ஒரு நல்ல போர்வை. உள்ளே படுத்துக்கொண்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு முப்பதாம் நாள் காரியம் முடிந்து, எனக்குக் கண் ஆபரேசன் நடந்தது. செல்வி கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தாள். மாப்பிள்ளை ஞாயிறுதோறும் வந்து போவார். ஒரு மாதம் திரையைப் பார்க்கக் கூடாது, புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்த அன்று தலைக்குக் குளித்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அணைந்தது. மறுபடி சுற்றின. அணைந்தது. மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓ.எஸ். போய்விட்டது.

நானே ஏற்றியிருப்பேன். அவர் பென்டிரைவைத் தேடினேன். காரியத்துக்கு வந்த கூட்டத்தில் மேசையை ஒதுக்கி வைத்தபோது எங்கேயோ போய்விட்டது.

"அவரு ஞாயித்துக்கெழம வரட்டும்மா. சரி பண்ணிருவாரு" என்றாள் செல்வி.

"உள்ள ஒங்க அப்பா எழுதுனது இருக்கு. பாத்துப் பண்ணச் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்."

என்ன எழுதினது, யாருக்கு எழுதினது என்று நான் சொல்லவில்லை.

வேண்டாத காபி

அந்த ஞாயிறு மாப்பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் செய்தார். ரப்பர் கேட்டார். செல்வி கொடுத்தாள். ராமைத் தேய்த்தார். அதற்கப்புறம்தான் அவள் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனாள். பென்டிரைவைச் செருகினார். பட்டியல் வந்தது. நாலெழுத்து உள்ள வரியை அமுக்கினார். நானும் முதல் தடவை அப்படித்தான் அமுக்கினேன் என்பதால் துணித் திரைக்குப் பின்னால் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இரண்டு வரி. மஞ்சள் முக்கோணம். எம், பி, ஆர்.

அவர் உச்சுக்கொட்டிவிட்டுக் கூட வேலை பார்க்கிற சேக்காளிக்குப் போன் போட்டார். சத்தமாக வைத்துப் பேசினார்.

"டேய், இந்தத் தட்டுல ஏத்த முடியாதுங்குது."

"பழைய தட்டா இருக்கும். எல்லாத்தையும் டெலிட் பண்ணி ஒண்ணாக்கிரு. அப்பறம் நெக்ஸ்டு குடு, சிட்டாப் பறக்கும்."

"டெலிட் பண்ணட்டுமா?"

"உள்ள ஏதும் முக்கியமா இருக்கா?"

"எங்க மாமா எழுதுன எஸ்டேட்டுக் கணக்கு இருக்குன்னு செல்வி சொன்னா. அந்த எஸ்டேட்டே கைமாறிப்போச்சு. அது இனி யாருக்கு?"

"அப்ப அடிச்சு விடு."

நான் இருமினேன். சுவரிடம் பேசலாம்தான். ஆனால் சுவரிடம்கூட, அது எனக்கு எழுதியது என்று எப்படிச் சொல்வது?

"காபி வேணாம்த்தை, இப்பத்தான் குடிச்சேன்" என்றார் திரும்பாமலே.

மறுபடி இருமினேன்.

"வதக்குற நெடியா? அடுப்பத் தணிச்சு வைங்கத்தை. கண்ணுக்கு ஆகாது."

டம்ளரைக் கீழே போட்டேன். அது உருண்டு போய் நின்றது. "பாத்துத்தை" என்றார்.

என் போனை எடுத்து செல்வியைக் கூப்பிட்டேன். அவள் போன் உள்ரூமில் சார்ஜில் கிடந்து அடித்தது.

நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தேன். எழுதி, துணித் திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பென்சிலை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினேன்.

'மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தை அங்கம்மாள் எழுதிக்கொண்டது. நலம். நலமறிய ஆவல்.'

கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு 'தொடாதே' என்று மொட்டையாக எழுத என் கை வரவில்லை. நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

அவர் அடுத்த பொத்தானை அமுக்கினார்.

கறிச்சோறு

பாதியில் இன்னொரு தப்பு வந்தது. சைபர், பெருக்கல் குறி, பிறகு எண்ணும் எழுத்துமாக ஒரு நீள நம்பர். அதைச் சேக்காளிக்கு வாசித்துக் காட்டினார். பென்டிரைவை முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்க ஓட்டையில் செருகச் சொன்னான். செருகினார். ஏறியது. அந்தத் தப்பு ஒரு நாழிகை முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

செல்வி வந்ததும் அவர் கத்தினார்.

"ஏ செல்வி! ஓடிருச்சு பாரு! மாமா இருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாரு!"

நான் கறி சமைத்தேன். இலையில் சோற்றை வைத்து செல்வியிடம் கொடுத்தனுப்பினேன். எலும்பு அவருக்குப் பிடிக்கும் என்று பார்த்துப் பொறுக்கி வைத்தேன்.

"உப்பு ஒறப்பு எல்லாம் கணக்கா இருக்குன்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லு" என்றார்.

திரும்பி வந்தது

அடுத்த வாரம் செல்வி இரண்டு நாள் கம்பத்துக்குப் போனாள். நான் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். கணினிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். வெளி ஆளிடம் நான் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். நடந்ததை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு அழிக்கவே வேணாமே ஆத்தா. பின்னாடி போயி இன்னொரு வரியத் தொட்டிருந்தாப் போதுமே. யாரு பாத்தது?"

"வீட்டு ஆளுதான்."

"அவருக்குத் தெரியாமப் பண்ணிட்டாரு. தெரிஞ்சவுக யாரும் பக்கத்துல இல்லையாக்கும்?"

பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அழிந்ததில் கொஞ்சம் மீட்கலாம், புதுசு மேலே ஏறாத இடத்தில் பழசு கிடக்கும் என்றார். மறுநாள் வரச் சொன்னார். போனேன். காகிதத்தில் அச்செடுத்து வைத்திருந்தார். முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். புதுக் கண்ணில் எழுத்து கறுப்பாகப் பளிச்சென்று தெரிந்தது.

கஞ்சியில் உப்பு இல்லை. ஃபேனைக் குறை. பால்காரன். சேலை. அட்டை கடித்தது. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வரி. எல்லாம் நான் பார்த்தவை. கடைசி வரி, 'நாளைக்குக் கண் டாக்டரிடம் போ.'

"இதுக்குக் கீழ?"

"கம்ப்யூட்டர் எப்பவோ தானா எடுத்து வச்ச பழைய நகல் ஆத்தா இது. அப்பறம் எழுதினது இருந்த எடத்துல புது ஓ.எஸ். போயி உக்காந்திருச்சு."

படித்ததெல்லாம் திரும்பி வந்தது. படிக்காததில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்? பால்காரனைப் பற்றியே எழுதியிருக்கலாம். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். அல்லது அட்டை கடித்ததைப் போல இன்னும் நாற்பது விஷயம் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்து அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியவை நாற்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றாக நானே நினைத்துப் பார்க்கிறேன். இதை எழுதியிருப்பாரா, அதை எழுதியிருப்பாரா என்று. சில நாள் எல்லாவற்றையும் எழுதினார் என்று வைத்துக்கொள்கிறேன். சில நாள் ஒன்றையும் எழுதவில்லை, உப்பைப் பற்றித்தான் எழுதினார் என்று கோபம் வருகிறது. செத்தவரோடு சண்டை போட எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

இன்னொரு ஞாயிறு

வெயில் காலம் வந்தது. செல்வி இங்கேயே தங்கி பிளவுஸ் தைக்கிறாள். கணினியில் அவளுடைய டிசைன்கள், அளவு எடுத்த படங்கள் எல்லாம் ஏறியிருந்தன. ஒரு நாள் ஏதோ தானாக ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், பெட்டி மறுபடி படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பென்டிரைவோடு வந்தார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பட்டியல் வந்தது. இந்தத் தடவை அவர் நாலெழுத்து இல்லாத வரியை அமுக்கினார். போன தடவை அழித்ததில் தட்டு புது வழிக்கு மாறிவிட்டது என்று பாய் சொன்னாரே, இது ஏறாதே என்று நினைத்தேன். ஏறவில்லை. மஞ்சள் முக்கோணம். அதே நீள வாக்கியம், மூன்றெழுத்து மட்டும் வேறு.

"இது என்ன இழவு, மறுபடியும் வருது" என்றார். "செல்வி, ஒன் டிசைனெல்லாம் போயிரும்போல இருக்கே. அன்னைக்கி மாதிரி எல்லாத்தையும் டெலிட் பண்ணிற வேண்டியதுதான்."

"ஐயோ, வேணாங்க! ரெண்டு கல்யாண வீட்டு அளவு அதுக்குள்ளதான் இருக்கு!" செல்வி உள்ரூமிலிருந்து ஓடி வந்தாள்.

"வேற வழி இல்லடி."

திரையை ஒதுக்கிக்கொண்டு நான் வெளியே வந்தேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கைய எடுங்க மாப்ள."

அவர் எழுந்து நின்றுவிட்டார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பின்னால போங்க. அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. பேருக்கு முன்னால நாலெழுத்து இருக்குல்ல, அந்த வரியத் தொடுங்க. ஒண்ணும் அழிய வேணாம்."

அவர் அப்படியே செய்தார். முக்கோணம் வரவில்லை. எந்த வரியைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று விரலை வைத்துக் காட்டினேன். ஓ.எஸ். ஏற ஆரம்பித்தது. செல்வி சிரித்தாள்.

"அடி ஆத்தி! எங்கம்மா மெக்கானிக்கா?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்த்தை?"

"ஒங்க மாமா காட்டிக் குடுத்தாரு."

"எப்ப?"

"அவரு இருக்கையில."

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னைக்கி..."

"அன்னைக்கும் தெரியும்."

"அன்னைக்கி உள்ள இருந்தது எஸ்டேட்டுக் கணக்கு இல்லையா?"

"இல்ல. ஒங்க மாமா எனக்கு எழுதி வச்சது. கண்ணு தெரிஞ்சதும் படிக்கச் சொல்லி வச்சிருந்தாரு."

செல்வியின் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் முகத்தை அன்றைக்குத்தான் நான் கிட்டத்தில் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனாத்தை? என்ன எழுதியிருந்தாரு?"

"தெரியாது."

"என்னைய மன்னிச்சிருங்கத்தை. தெரியாமப் பண்ணிட்டேன்."

அவர் மேல் தப்பில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். 'விடுங்க மாப்ள, பரவாயில்ல' என்று சொல்ல வேண்டிய இடம் அது. செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லும்மா என்கிற மாதிரி. நான் அவர் முன்னால்தான் நின்றேன். வார்த்தையும் தயாராக இருந்தது.

சொல்லவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவர் வருகிறார். வாங்க மாப்ள என்கிறேன். சாப்பிடுங்க மாப்ள என்கிறேன். முன்னால் நின்று நானே பரிமாறுகிறேன். சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு கம்பம் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகிறார்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. இது கூச்சம் இல்லை.